மாத்திரையும் மாற்றியாச்சு, உப்பையும் குறைத்தாச்சு, அம்மாவுக்கு பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

காவேரிக்கரை | ஜூன் 3, இரவு 10.15

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு 61 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். சர்க்கரை கிடையாது. போன டிசம்பரில் தெருவில் பி.பி. பார்க்க வந்தவர்கள் 172/98 என்று சொல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனலாப்ரில் 5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஆரம்பித்தார்கள். மாதாமாதம் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பிப்ரவரியில் 138/84. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

மார்ச்சில் இருமல் பிடித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் தூசு விழுந்த மாதிரி நமைச்சல், படுத்தால் போதும், லொக்கு லொக்கு என்று ஆரம்பித்துவிடும். மூன்று பாட்டில் சிரப் தீர்ந்தது. ஏப்ரல் கடைசியில் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய சீட்டைப் பார்த்ததுமே, "இந்த மாத்திரைதான் இருமலுக்குக் காரணம்" என்று சொல்லி டெல்மிசார்டன் 40 எழுதிக்கொடுத்தார். உள்ளே போய் வெளியே வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருமல் மே நடுவில் நின்றுவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பிரஷர்? மே முழுக்க 150, 156, 160. நேற்று 168/96. இத்தனைக்கும் மே முதல் தேதியிலிருந்து உப்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். அப்பளம், ஊறுகாய் எல்லாம் நிறுத்தியாச்சு. அம்மா தினமும் ஒரு வேளையாவது 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுகிறார். போதாததற்கு இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. உப்பைக் குறைத்ததால்தான் இழுக்கிறது என்று தெருவே சொல்கிறது.

டெல்மிசார்டன் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? இருமினாலும் பரவாயில்லை என்று பழைய மாத்திரைக்கே போய்விடலாமா? நான் ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போக முடியும். 5-ம் தேதி மறுபடி டாக்டரிடம் போகிறோம்.

தென்னந்தோப்பு | ஜூன் 3, இரவு 10.31

முருங்கைக்கீரை சூப் 48 நாள். மாத்திரையைத் தூக்கி எறியுங்கள். அனுபவம் பேசுகிறது.

வார்டு நம்பர் 6 | ஜூன் 3, இரவு 11.02

தென்னந்தோப்பு தம்பி, சூப்பைக் குடி, நல்லதுதான். மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லாதே. 31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வாய் கோணி வந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்த கை இது.

காவேரிக்கரை, முதலில் 168-ஐ நம்பலாமா என்று பார்ப்போம். எந்தக் கருவி, யார் பார்த்தது, எப்போது? அடுப்படியிலிருந்து வந்ததும் பட்டையைச் சுற்றினால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரட்டும். கால் தரையில் பதியட்டும், கால் மேல் கால் வேண்டாம். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில். பட்டை புடவை, ரவிக்கைத் துணியின் மேல் சுற்றக்கூடாது. காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலும் ஏறும், பேசினாலும் ஏறும். நம் அம்மாமார்கள் பி.பி. பார்க்கும்போதுதான் ஊர்க்கதையை ஆரம்பிப்பார்கள்.

காலையில் மாத்திரைக்கு முன்பு இரண்டு தடவை ஒரு நிமிட இடைவெளியில், இரவு இரண்டு தடவை. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடு. வீட்டில் பார்ப்பதற்கு 135/85-க்குக் கீழே இருந்தால் நல்லது. அவசரம் என்றால் மூன்று நாள் கணக்குக்கூடப் போதும். டாக்டர் கையில் அந்த நோட்டைக் கொடு. 168 என்ற ஒற்றை எண்ணை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மருந்துக்கடை மாமா | ஜூன் 4, காலை 7.20

எனலாப்ரிலுக்குத் திரும்பிப் போக வேண்டாம் தம்பி. அந்த இருமல் சிரப்புக்கு அடங்காது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், இந்த 'ப்ரில்' குடும்பமே உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளை உடைய விடாமல் தேக்கி வைக்கும், அதுதான் தொண்டையை அரிக்கிறது. நம் ஆசியக்காரர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வரும். மாத்திரையை நிறுத்தினால் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் போகும், சிலருக்கு மூன்று மாதம்கூட இழுக்கும். உங்கள் அம்மாவுக்கு மே நடுவில் நின்றது கணக்குக்குச் சரியாக இருக்கிறது. 'சார்டன்' குடும்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. டாக்டர் மாற்றியதில் தப்பில்லை.

டெல்மிசார்டன் முழுசாக வேலையைக் காட்ட நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று கடைக்கு வருபவர்கள் உண்டு. ஆனால் உங்களுக்கு ஆறு வாரம் ஆகப் போகிறது. அளவு போதவில்லையா, வேறு ஏதாவது குறுக்கே நிற்கிறதா? மூட்டுவலிக்கு மாத்திரை ஏதாவது போடுகிறாரா? டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் எல்லாமே பிரஷரை ஏற்றும். மூக்கடைப்பு மாத்திரையும் அப்படித்தான். வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டால் நுரைக்கிறதே, அந்தப் பொடியிலும் உப்பில் இருக்கும் அதே சோடியம்தான்.

காவேரிக்கரை | ஜூன் 4, காலை 8.05

மாமா, போன் செய்து கேட்டேன். வலி மாத்திரை எதுவும் இல்லை, தைலம் மட்டும்தான். "பிரஷர் மாத்திரையைத் தவிர ஒரு மருந்தும் சாப்பிடுவதில்லை" என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.

ரசம்சாதம் | ஜூன் 4, பிற்பகல் 2.40

எனக்கும் ஒன்பது வருடமாக பிரஷர். "உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டு இருந்தேன். என் வீட்டுக்காரர் வங்கியில் இருந்தவர், ஒருநாள் கணக்குப் போட்டார். நாலு பேர் வீடு, கிலோ உப்பு ஒரு மாதத்தில் காலி. 1000-ஐ 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, கோபுரம் இல்லாமல் தட்டி எடுத்த ஒரு டீஸ்பூன். அதுவும் எல்லாமாகச் சேர்த்து. கடையில் வாங்கிய ரொட்டி, பிஸ்கட், மிக்சர் எதுவும் எங்கள் கணக்கில் வரவே இல்லை.

அம்மா வீட்டில் எத்தனை பேர், பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

குறைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாம் ஒரே இலையில் நாலு தடவை உப்புப் போடுகிறோம். சாதத்தில், குழம்பில், கூட்டில், மோரில். நான் முதலில் சாதத்தையும் மோரையும் விட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பொரியலில் கை வைத்தேன். பொரியலை இறக்கும்போது கடைசியில் தூவினால் உப்பு மேலாக நிற்கும், நாக்குக்கு உடனே தெரியும், பாதி போதும். ரசத்தில் எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு தெரியாது. ஒரேயடியாகப் பாதியாக்கினால் சண்டைதான். நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் எனக்கு உப்புக் கரிக்கிறது.

இட்லி மாவை மறந்துவிடாதீர்கள். தினமும் காலையில் நாலு இட்லி, அதன் மேல் சட்னி, அதற்கு ஒரு உப்பு. தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் இன்னொன்று.

முத்துநகர் | ஜூன் 4, மாலை 6.12

தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் வாரியவர். பாத்தியிலிருந்து வெள்ளை வெளேரென்று கூட்டிக் குவிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்துப்பு பாக்கெட்டில் 'பிரஷருக்கு உகந்தது' என்று போட்டு விற்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கடல் உப்போ, மலை உப்போ, ரோஜா நிறத்தில் வருவதோ, எல்லாவற்றிலும் மிகப் பெரும் பங்கு சோடியம் குளோரைடுதான். கல் உப்பு ஒரு ஸ்பூன் எடுத்தால் இடையில் காற்று இருப்பதால் எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் லாபம். அதிலும் அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

பாலாற்றங்கரை | ஜூன் 4, இரவு 9.50

யாராவது 'சோடியம் குறைத்த உப்பு' வாங்கச் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்பாவுக்கு 70 வயது, 15 வருடச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, அதிகம். டெல்மிசார்டன் ஓடிக்கொண்டு இருந்தது. தங்கை ஆசையாக அந்த உப்பை வாங்கிக் கொடுத்தாள். விலையும் அதிகம், சுவையும் நன்றாகவே இருந்தது. மூன்று வாரத்தில் அப்பாவுக்குக் கை கால் அசதி, எழுந்திருக்க முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 6.1. இரண்டு நாள் மானிட்டர் மாட்டிப் படுக்க வைத்தார்கள். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். சிறுநீரகமும் பழுது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

வார்டு நம்பர் 6 | ஜூன் 4, இரவு 10.25

நல்லவேளை சொன்னீர்கள். ஆனால் அந்த உப்பே விஷம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு நல்ல பொருள். அந்த ஆய்விலும் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காவேரிக்கரை, இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 'சார்டன்' ஆரம்பித்தால் இரண்டொரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பார்த்தார்களா?

காவேரிக்கரை | ஜூன் 5, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ரத்தம் இதுவரை பார்க்கவில்லை சிஸ்டர். இன்று டாக்டரிடம் நானே கேட்டேன். எழுதிக்கொடுத்தார், ரத்தம் எடுத்தாச்சு, நாளை மறுநாள் ரிப்போர்ட் வரும். இரண்டு நாள் கணக்கு எழுதிக்கொண்டு போனேன், சராசரி 163/95. இன்று போன முறையை விடப் பொறுமையாகப் பார்த்தார். டெல்மிசார்டன் 40-உடன் அம்லோடிபின் 5 சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

ரசம்சாதம் அக்கா, வீட்டில் அப்பா அம்மா இரண்டே பேர். மே 1-ல் பிரித்த கிலோ பாக்கெட்டில் பாதிதான் தீர்ந்திருக்கிறது.

ரசம்சாதம் | ஜூன் 5, இரவு 9.48

500 கிராம், இரண்டு பேர், 35 நாள். ஆளுக்கு 7 கிராம். பரவாயில்லையே! ஆரம்பத்துக்கு இது நல்ல அளவு. அப்படியானால் உப்பின் மேல் பழியைப் போட முடியாது. உப்பைக் குறைத்தால் மேல் அளவு ஒரு ஐந்து புள்ளி இறங்கலாம். இறங்க வேண்டிய நேரத்தில் 25, 30 ஏறியிருக்கிறதே, அது வேறு எதுவோ.

மருந்துக்கடை மாமா | ஜூன் 6, காலை 6.55

அவசரம்: பழைய டெல்மிசார்டன் 40 அட்டையை என்ன செய்தீர்கள்?

காவேரிக்கரை | ஜூன் 6, காலை 8.40

மாமா, உங்களுக்கு ஞானதிருஷ்டியா? நேற்று இரவும் இன்று காலையும் அம்மா இரண்டையும் போட்டிருக்கிறார். மஞ்சள் பைக்குள் மீதம் எட்டு மாத்திரை. "காசு கொடுத்து வாங்கினது, தீரட்டுமே என்று போட்டேன்" என்கிறார். அப்பாவை விட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

மருந்துக்கடை மாமா | ஜூன் 6, காலை 9.15

ஞானதிருஷ்டி இல்லை, 22 வருடக் கல்லாப்பெட்டி. மாத்திரை மாற்றும்போது நடக்கும் விபத்தில் பாதி இதுதான். ஒரே மருந்துக்கு நூறு கம்பெனிப் பெயர். அரசு கொடுத்த அட்டையில் ஒரு பெயர், தனியார் சீட்டில் இன்னொரு பெயர். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், கொட்டை எழுத்தில் இருப்பதை விடுங்கள். எங்கள் கடைக்கு ஒருவர் மூன்று அட்டையோடு வந்தார், மூன்றிலும் அம்லோடிபின். கணுக்கால் இரண்டும் பலாப்பழம் மாதிரி. வீக்கத்துக்கு மாத்திரை வேண்டுமாம்!

இன்னொன்று. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எனலாப்ரிலும் வந்து சேரும்.

காவேரிக்கரை | ஜூன் 7, மாலை 5.20

ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 0.8. சோடியம் 143. பொட்டாசியம் 3.0, பக்கத்தில் அம்புக்குறி கீழ்நோக்கி. சர்க்கரை சரியாக இருக்கிறது. டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார். பொட்டாசியம் குறைவு என்றால் இளநீர் கொடுத்தால் போதுமா?

வார்டு நம்பர் 6 | ஜூன் 7, மாலை 5.41

தம்பி, கொஞ்சம் நில். இது இடிக்கிறது.

டெல்மிசார்டன் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறினால் ஆச்சரியம் இல்லை. பாலாற்றங்கரை அப்பாவுக்கு நடந்தது அதுதான். உன் அம்மாவுக்கு இறங்கியிருக்கிறது. வாந்தி, பேதி ஏதாவது? நீர் பிரியும் மாத்திரை, குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி ஏதாவது? இல்லை என்றால் எதுவோ ஒன்று பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது, உப்பை உள்ளே பிடித்து வைக்கிறது, பிரஷரையும் ஏற்றுகிறது. கெண்டைக்கால் இழுப்பதும் இதனாலேயே இருக்கலாம். தெருவில் சொல்கிற மாதிரி உப்புக் குறைந்ததால் இல்லை, உன் சோடியம்தான் 143 இருக்கிறதே.

அட்ரினல் சுரப்பிக் கோளாறிலும் இப்படி வரும், அதை டாக்டர் பார்க்கட்டும். அதற்கு முன் நீ ஊருக்குப் போய் ஒரு வேலை செய். "மருந்து என்ன சாப்பிடுகிறாய்" என்று கேட்காதே. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போடுவது அத்தனையும் சொல்லச் சொல். கஷாயம், லேகியம், பொடி, வெற்றிலைக்குள் மடிப்பது, எல்லாம். நம் வீட்டுப் பெண்களுக்கு மருந்து என்றால் கடையில் வாங்குவது மட்டும்தான்.

நாளைக்கே கிளம்பு. நெஞ்சு படபடப்பு, கை கால் தளர்ச்சி வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

காவேரிக்கரை | ஜூன் 8, பிற்பகல் 1.35

ஊரிலிருந்து எழுதுகிறேன்.

சிஸ்டர் சொன்ன மாதிரியே அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். காலையில் காபி. அப்புறம் இட்லி. பதினொரு மணிக்கு மோர். இப்படியே போய்க்கொண்டு இருந்தது. இரவு என்று வந்ததும் அம்மா சும்மா கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், முக்கால்வாசி காலி. உள்ளே பழுப்பு மஞ்சளாக ஒரு பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு, சர்க்கரை இனிப்பு இல்லை, தொண்டை வரைக்கும் இறங்கி அங்கேயே நிற்கிற இனிப்பு.

அதிமதுரம்.

பெரியம்மா ஏப்ரல் கடைசியில் இடித்துச் சலித்துக் கொடுத்து அனுப்பியது. இருமலுக்காக. காலை ஒரு ஸ்பூன் வெந்நீரில், இரவு ஒரு ஸ்பூன் பாலில். மே நடுவில் இருமல் நின்றதும் பெரியம்மா பொடியால்தான் நின்றது என்று அம்மாவுக்கு நம்பிக்கை. நிறுத்தினால் திரும்ப வந்துவிடுமோ என்று இன்றுவரை விடவில்லை. "அது மருந்தா? வேர்தானேப்பா!"

கேட்டுப் பார்த்தேன், டெல்மிசார்டன் ஆரம்பித்த அதே வாரம்தான் பொடியும் வந்திருக்கிறது. நான் நோட்டில் மாத்திரை மாற்றியதை மட்டும் எழுதி, ஆறு வாரமாக மாத்திரையைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். அதிமதுரத்துக்கு பிரஷர் ஏறுமா சிஸ்டர்?

வார்டு நம்பர் 6 | ஜூன் 8, பிற்பகல் 1.58

ஏறும். நன்றாகவே ஏறும். இன்றிரவு பால் வெறும் பாலாக இருக்கட்டும்.

அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்று ஒன்று இருக்கிறது, அந்த இனிப்பே அதுதான். நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் போய் வேலை காட்டாமல் இருக்க அங்கே ஒரு நொதி காவல் இருக்கிறது. கிளிசிரைசின் அந்தக் காவலைத் தூங்க வைத்துவிடும். அப்புறம் கார்ட்டிசால் உள்ளே புகுந்து, உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று உத்தரவு போடும். நீங்கள் இலையில் குறைத்த உப்பைச் சிறுநீரகம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

நொதி மறுபடி எழுந்து வேலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். நாளை மறுநாளே இறங்கவில்லை என்று பதறாதே. பாட்டிலை டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டு. வெறுமனே சொல்லாதே, காட்டு.

மூலிகைப்பிரியன் | ஜூன் 8, மாலை 4.10

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மூலிகையை இப்படி ஒரே நாளில் குற்றவாளி ஆக்குவது நியாயமா? எங்கள் பாட்டி அதிமதுரம் சாப்பிட்டு 90 வயது வரை இருந்தார். இயற்கையில் வருவது கெடுதல் செய்யாது. ரசாயன மாத்திரையின் பக்கவிளைவை மூலிகை மேல் போடுகிறீர்கள்.

மருந்துக்கடை மாமா | ஜூன் 8, இரவு 7.30

ஐயா, கோபப்படாதீர்கள். இருமல் வந்தது எனலாப்ரில் மாத்திரையால்தான், அதை நாங்கள் மறுக்கவே இல்லை. ஆனால் இயற்கை, ரசாயனம் என்று கோடு கிழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த 'ப்ரில்' குடும்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பு. அதிலிருந்து வந்த கேப்டோப்ரில் 1981-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பாம்பு விஷத்தைவிட இயற்கையானது வேறு என்ன இருக்கிறது?

அதிமதுரத்துக்குச் சக்தி இருக்கிறது என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்? சக்தி இருப்பதற்கு அளவும் உண்டு, நாளும் உண்டு. தொண்டைக் கட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஒரு துண்டு மெல்லுவது வேறு, பிரஷர்காரர் தினம் இரண்டு ஸ்பூன் ஆறு வாரம் சாப்பிடுவது வேறு. படித்த சித்த மருத்துவரிடம் போயிருந்தால் பிரஷர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருப்பார். இங்கே கொடுத்தது பெரியம்மா, பாசத்தில்.

மூலிகைப்பிரியன் | ஜூன் 8, இரவு 8.05

பாசத்தில் கொடுத்தது என்பதை ஏற்கிறேன். அளவு முக்கியம்தான்.

காவேரிக்கரை | ஜூன் 10, இரவு 8.50

டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அதைக் கேட்டதும் இரண்டு நிமிடக் கோபம் எனக்குப் போய்விட்டது. பொட்டாசியம் சிரப் ஐந்து நாள். ஒரு வாரத்தில் மறு ரத்தம். அதிமதுரம் கூடவே கூடாது. பொட்டாசியம் ஏறவில்லை என்றால் அட்ரினலுக்கான பரிசோதனை. இப்போதைக்கு இரட்டை மாத்திரை தொடர வேண்டும்.

பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வீட்டில் இப்போது பெரிய ஆலோசனை.

காவேரிக்கரை | ஜூன் 18, இரவு 9.10

பொட்டாசியம் 3.9. சிரப் நிறுத்தியாச்சு. கெண்டைக்கால் இழுப்பு நாலு நாளாக இல்லை. பிரஷர் சராசரி 146/88. இறங்குகிறது!

காவேரிக்கரை | ஜூன் 29, காலை 7.45

சிஸ்டர், இப்போது எதிர்ப்பக்கம். நேற்று காலை அம்மா கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது கண் இருட்டி வாசல் படியைப் பிடித்துக்கொண்டார். பார்த்தால் 108/66. கணுக்காலில் செருப்பு வார் தடம் பதிகிறது. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

வார்டு நம்பர் 6 | ஜூன் 29, காலை 8.02

நீயாக எதையும் நிறுத்தாதே, இன்றே டாக்டருக்குப் போன் போடு. உட்கார்ந்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று, மூன்றையும் எழுதிச் சொல். நின்றதும் மேல் அளவு 20 இறங்கினால் கட்டாயம் சொல்ல வேண்டும். இதற்கு நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது மருந்தைச் சேர்த்தது அதிமதுரம் ஏற்றிய பிரஷருக்கு. அதிமதுரம் போய்விட்டது, அதற்கான மருந்து மட்டும் நிற்கிறது.

அதுவரை படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல். கோலத்தை அப்பா போடட்டும்.

மருந்துக்கடை மாமா | ஜூன் 29, காலை 9.00

கால் வீக்கம் அம்லோடிபினாக இருக்கலாம். அது சிறுநீரகம் நீரைத் தேக்குவதால் வருவதில்லை, சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவது. அதனால் நீர் பிரியும் மாத்திரை போட்டால் பெரிதாகக் குறையாது. 5 மி.கி.யை விட 10-ல் அதிகம். டாக்டர் அதை நிறுத்தினாலும் மெல்லத்தான் வற்றும், அம்லோடிபின் உடம்பை விட்டுப் போகவே ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும்.

காவேரிக்கரை | ஜூலை 3, இரவு 10.00

உட்கார்ந்து 112/68, நின்று 90/60. டாக்டர் உடனே அம்லோடிபினை எடுத்துவிட்டார். பழைய டெல்மிசார்டன் 40 மட்டும். மஞ்சள் பையிலிருந்து அப்பா எடுத்து வைத்த எட்டு மாத்திரையை அம்மா வெற்றிப் புன்னகையோடு திரும்ப வாங்கிக்கொண்டார். இரட்டை மாத்திரை அட்டையை நான் கையோடு ஒரகடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

காலையில் போடுவதா இரவில் போடுவதா என்று அப்பா கேட்கிறார்.

வார்டு நம்பர் 6 | ஜூலை 3, இரவு 10.20

மறக்காத நேரம் எதுவோ அது. இங்கிலாந்தில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2022-ல் சொல்லிவிட்டார்கள், மாரடைப்பு, பக்கவாதத்தில் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் இல்லை என்று.

காவேரிக்கரை | ஜூலை 20, இரவு 9.25

ஏழு நாள் சராசரி 132/80. பொட்டாசியம் 4.3. கால் வீக்கம் இல்லை. உப்பு பாக்கெட் இன்னும் ஓடுகிறது. அக்கா கணக்குப்படி இப்போது ஆளுக்கு 6 கிராமை ஒட்டி இருக்கிறது.

பெரியம்மாவிடம் அம்மாவே சொல்லிவிட்டார். "உன் பொடி ரொம்ப வீரியம்டி, எனக்குத் தாங்கவில்லை" என்றாராம். பெரியம்மாவுக்கு ஒரே பெருமை.

ஆடிப்பெருக்கு வருகிறது. ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு கட்டும்போது ஒரு அப்பளம் உண்டா என்று அம்மா உங்களிடம் கேட்கச் சொன்னார், ரசம்சாதம் அக்கா.

ரசம்சாதம் | ஜூலை 20, இரவு 9.50

உண்டு என்று சொல். ஒன்று. பொரித்தாலும் சுட்டாலும் உப்பு ஒன்றுதான், அதில் ஏமாற வேண்டாம். அன்றைக்குத் தயிர்சாதத்தில் உப்பே போடாமல் கட்டச் சொல், கணக்கு நேராகிவிடும். எலுமிச்சை சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய் இஞ்சியைப் பச்சையாக அரிந்து எலுமிச்சை பிழிந்து வைக்கச் சொல். ஊறுகாய் நினைவே வராது.

காவேரிக்கரை | ஆகஸ்ட் 4, இரவு 8.30

நோட்டு இப்போது அம்மா கையில். நேற்றைய பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "காலை 134/82. இரவு 138/84. இன்னிக்கு ஆடி 18. அப்பளம் 1½."

அரை எங்கிருந்து வந்தது என்று போனில் கேட்டேன். அப்பா இலையிலிருந்து.